திரும்பக் கேட்ட சீட்டு

மின்யா,
பெருநோன்பின் நான்காம் வாரம்

தெமியானாவின் அப்பாவுக்கு, கர்த்தரின் சமாதானம் உங்களோடு இருக்க வேண்டி நிவீன் எழுதுவது.

நாங்கள் நலம். தெமியானாவின் இருமல் குறைந்துவிட்டது. வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும் அவித்த பயறும் சிறைக்கு வரும் நம் பாதிரியார் அபூனா மெத்தாவோஸிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் அங்கிக்குள்தான் வருகிறது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

வாய்க்கால் தகராறில் ஷெஹாத்தாவை மண்வெட்டியால் அடித்ததைச் செவ்வாய்க்கிழமை நீதிபதியிடம் ஒப்புக்கொள்ளப்போவதாக எழுதியிருந்தீர்கள். நான்கு முறை படித்தேன். சாட்சி யாரும் இல்லை, இருட்டில் அடித்தவர் முகம் தெரியவில்லை என்று ஷெஹாத்தாவே சொல்லிவிட்டார், நீங்கள் பேசாமல் இருந்தால் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். பேசினால் ஏழு வருஷம். ஷெஹாத்தா இப்போது ஒற்றைக் கண்ணோடுதான் வயலுக்குப் போகிறார். என்னைக் கண்டால் அவரே தலையைக் குனிந்துகொள்கிறார்.

சிறைக்கு வேதாகமம் அனுப்பியவள் நான். தாவீது தன் பாவத்துக்காக அழுத சங்கீதத்தை வேளை தவறாமல் உங்களுக்காகச் சொன்னவளும் நான். கையோங்காத மனிதராக உங்களைத் தர வேண்டுமென்று சீட்டு எழுதி, கோயிலில் புனிதர் மார் ஜிர்ஜிஸின் எலும்புத் திருப்பண்டத்தைப் போர்த்திய பட்டுக்குள் செருகினேன். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. இப்படிக் கேட்கப்படும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று அந்தச் சீட்டைத் திரும்ப எடுக்கப் போனேன். கோயில் பெருக்கும் பெண் உம்மு மலாக் சிரித்தாள். "ஏம்மா டீச்சரம்மா, போட்ட கடுதாசியத் திருப்பிக் கேக்க மார் ஜிர்ஜிஸ் என்ன தபால்காரரா? போன ஞாயித்துக்கிழமையே அபூனா எல்லாத்தையும் தூபக்கால்ல போட்டுட்டாரு. புகை மேல போயிடுச்சு, நீ கீழ துழாவுற!" நானும் சிரித்தேன்.

தகராறு நடந்த அன்று நீங்கள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்ததாகப் போலீஸில் கையெழுத்திட்டேனே, உங்கள் உண்மை அதையும் இழுத்துக்கொண்டு வரும். என் வேலை போகும். என்னையும் கூப்பிட்டால் பிள்ளை யாரிடம் இருப்பாள்?

"அப்பாக்கு இப்பல்லாம் கோவமே வராதாம்மா? அப்ப வீட்டுக்கு எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

பேசாதீர்கள் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பேசுங்கள் என்று எழுதவும் வரவில்லை. செவ்வாயன்று முன்வரிசையில் இருப்பேன். ஆண்டவர் உங்கள் நாவில் இருப்பாராக. சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காதீர்கள்.

உங்கள்
நிவீன்