கார்களில் வந்து காத்த ரயில் நிலையம்

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் கமினாசே ரயில் நிலையத்தை மூடப்போகிறார்களாம். உடனே ஊரில் ‘நிலையப் பாதுகாப்புச் சங்கம்’ முளைத்துவிட்டது. இன்று முதல் கூட்டம். என்னைத் தவிர எல்லோரும் காரில் வந்தார்கள். நான் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் ஒகினோ நகரத்தில் பள்ளி முடிந்து, ரயிலில் வந்து இறங்கினேன்.

தலைவர் ஒனோதெரா, பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். “இந்த ஸ்டேஷன்தான் நம்ம ஊருக்கு உசுரு” என்று கண் கலங்கினார். கடைசியாக எப்போது ரயில் ஏறினீர்கள் என்று கேட்டேன். “கல்யாணமான புதுசுலம்மா” என்றார் பெருமையாக. அவருடைய மகனுக்கே கல்யாணமாகிவிட்டது.

நிலையத்தின் வரலாற்றையும் சேவைகளையும் எழுதும் வேலை எனக்கு. “நீதான் எந்நேரமும் படிச்சிட்டே இருக்கியே!” இதுதான் தகுதி.

ரயில் நின்றால் நான் ஒகினோவில் அத்தை வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டும். மலைச்சாலையில் தினமும் போய்வர முடியாது. அத்தை வீட்டில் இருக்கும் ஒரே புத்தகம் மைக்ரோவேவ் அடுப்போடு வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வரலாறு: மலையிலிருந்து மரம் ஏற்றுவதற்காகத் திறந்தார்கள். பிறகு மனிதர்களையும் ஏற்றினார்கள். மரங்கள் கூடுதல் விசுவாசமாக இருந்திருக்கும்.

நிலையத்துக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் முராசே சொன்னது: “அப்பல்லாம் மேயருக்குப் பாதி ஷேவிங்ல ரயில் வந்துடும். ஸ்டேஷன் மாஸ்டர் வாசல்ல நின்னு பாத்துட்டு, ‘அந்தக் கன்னத்தையும் முடிச்சிடுங்க’ன்னு ரயிலையே நிறுத்தி வெப்பாரு!”

சேவைகள், அன்று: பார்சல் அறை, பிளாட்பாரத்தில் சூடான நூடுல்ஸ், மண் குடுவையில் தேநீர். இன்று: ஒரு பெஞ்சு, ஒரு டிக்கெட் இயந்திரம், குளிருக்கு ஓர் அடுப்பு, யாரோ மறந்துவிட்டுப் போன குடைகள். இறங்கும்போது டிக்கெட்டைத் தகரப் பெட்டியில் நாமே போட வேண்டும். யாரும் ஏமாற்றுவதில்லை. யாரும் வருவதுமில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நாளை ரயில்வேக்காரர் பயணிகளை எண்ண வருகிறார். ஊரே ரயில் ஏற வேண்டுமென்று சங்கத்தின் உத்தரவு. ஒத்திகை பார்த்திருக்கலாம்.

அக்டோபர் 18, சனி

ஊரே வந்தது. காரில். நிறுத்த இடமில்லாமல் சாலையின் இருபுறமும் வரிசை. முராசே டிக்கெட் எடுக்கும் இயந்திரத்திடம் “ஒகினோவுக்கு இல்லீங்க, பக்கத்து ஸ்டேஷனுக்கு” என்று பணிவாக விளக்கினார். ரயில் பெட்டியில் நிற்க இடமில்லை. ரயில்வேக்காரர் எண்ணி எண்ணி வியர்த்தார். எனக்கு ரயிலையே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

அடுத்த நிலையமான தானோவேயில் எல்லோரும் இறங்கினார்கள். திரும்பி வர ரயில் மூன்று மணி நேரம் கழித்துத்தான். அதை யாரும் பார்க்கவில்லை! குளிர் வேறு. ஒவ்வொருவராக வீட்டுக்கு போன் போட்டு, காரை வரவழைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

அப்பாவும் எங்கள் காரை வரவழைத்தார். “ஃபுமி, பிடிவாதம் பண்ணாதே, ஏறு.”

“திரும்பி வர்றதையும் எண்ணுவாங்கப்பா!”

“நீ ஒருத்தி ஏறி என்ன ஆகப்போகுது?”

ஏறினேன். மூன்று மணி நேரம் கழித்து, ரயிலில். ரயில்வேக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். “மத்தவங்கல்லாம் எங்கம்மா? ஊரையே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களா?”

டிசம்பர் 5, வெள்ளி

மார்ச்சோடு ரயில் இல்லை.

சங்கத்தில் இன்று விருந்து! கட்டடத்தை இடிக்க மாட்டார்களாம், காபிக் கடை ஆக்குகிறார்களாம். “ஸ்டேஷனைக் காப்பாத்திட்டோம்!” என்று ஒனோதெரா சாக்கே மதுக் கிண்ணத்தை உயர்த்தினார். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு வண்டிகள் நிறுத்த இடம். “அது இல்லாமத்தானேம்மா இத்தனை வருஷமா யாரும் ஸ்டேஷன் பக்கம் வரல?”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா கதவைத் தட்டவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காபிக் கடைத் திறப்பு விழாவுக்காக நேற்று அப்பா வந்து என்னை அத்தை வீட்டிலிருந்து ஊருக்கு அழைத்துப் போனார். நான் எழுதிய வரலாறு சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. ‘சேவைகள்’ என்ற பகுதியை மட்டும் திருத்தியிருக்கிறார்கள்: காபி, சீஸ் கேக், விசாலமான வாகன நிறுத்துமிடம். அங்கே இடமே இல்லை. எல்லோரும் வந்திருந்தார்கள்.

அப்பா சட்டத்தின் முன் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். கேக் வாங்க மறந்துவிட்டார்.

மாலையில் திரும்பவும் மலைச்சாலை. வளைவு மேல் வளைவு. இரண்டாவது முறை நான் வாந்தி எடுத்த பிறகு அப்பா கேட்டார்: “ரயில்ல எவ்ளோ நேரம் ஆகும்?”

“நாப்பது நிமிஷம். சுரங்கப்பாதை இருந்துச்சு.”

அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள்கூட அதில் ஒகினோ வரை வந்ததில்லையே. ‘நீ ஒருத்தி ஏறி என்ன ஆகப்போகுது’ என்று அன்று அவர் கேட்டதற்கு, அக்டோபரிலிருந்து நாக்கு நுனியில் ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். சொல்லவில்லை.

அத்தை வீட்டு வாசலில் என் பையை இறக்கி வைத்தார். “அடுத்த சனிக்கிழமையும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். இருட்டுவதற்குள் மலையைக் கடக்க வேண்டும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.