எட்டாவது வால்வு

கண்ணான என் அண்ணா,

உன் அம்பாசடர் இன்று சாயங்காலம் ஓடியது. இந்தச் சேதியைக் கேட்டிருந்தால் நீ குதித்திருப்பாய். என்னால்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

ஆரம்பாக்கத்து வீட்டின் பின்னால் நீ விட்டுப்போனபடியேதான் அது நின்றது. பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, வால்வுகளுக்கு இடைவெளி வைக்கும் வேலையை மட்டும் பாக்கி வைத்திருந்தாய். அதற்குள் நண்டு வலை எடுக்கச் சுண்ணாம்புக்குளத்து ஏரிக்கரையில் படகேறினாய். காற்று திரும்பியது. படகு கவிழ்ந்ததை உனக்கே நான் சொல்ல வேண்டுமா?

உன் காரியம் முடிந்த பிறகும் அண்ணி அழவே இல்லை, அண்ணா. சோறு வைத்தால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்புவாள், அவ்வளவுதான். போன வாரம் நான் வேலை பார்க்கும் படகு எஞ்சின் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அமுலு, அந்த வண்டிய ஓட வச்சிக் குடு. அவரு படகேறின எடத்துக்குப் போவணும்."

"நானும் வரேன் அண்ணி."

"வாணாம். தனியாத்தான் போவணும்."

தனியாக, ஏரிக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரில் இறங்கிவிடுவாளோ என்று பயந்தேன். முடியாது என்றால் வேறு யாரிடமாவது போவாள், அப்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அதனால்தான் சரியென்றேன்.

நான் பார்த்துப் பழகிய படகு எஞ்சினில் இரண்டு வால்வுதான். இதில் எட்டு. அண்ணி வண்டிக்கு முன்னால் குனிந்து, எஞ்சினைச் சுழற்றும் ஹேண்டிலைச் சுற்றினாள். ஒரு வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது அதன் ஜோடிக்கு இடைவெளி பார்க்க வேண்டும். மெல்லிய தகட்டை நுழைத்து, ஸ்குருவைத் திருப்பி, தகடு லேசாகப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். நான் சொல்லாமல் அவள் சுற்றிவிட்டால் என் விரல் நசுங்கிவிடும். அந்தப் பயம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வால்வு சரியாகும்போதும் அவள் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் நெருங்குவதுபோல இருந்தது.

கடைசியில் எட்டாவது வந்தது. இதை மட்டும் இடைவெளி இல்லாமல் இறுக்கி வைத்தால் போதும். காட்டிக்கொடுக்கிற சத்தம் எதுவும் வராது. ஆனால் வால்வு சரியாக மூடாது, வண்டி இழுக்காமல் திணறும். அவள் போவது கொஞ்சம் தள்ளிப்போகும். ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

என்னால் முடியவில்லை, அண்ணா. வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, எனக்குப் பயமா கீது. அங்க போயி நீ இன்னா பண்ணப் போற?"

ஹேண்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் கீது. தண்ணியப் பாத்தா இன்னா தோணும்னு எனக்கே தெரியல."

"அப்புறம் எதுக்கு இந்த வண்டி?"

"போறதுக்கு பஸ்ஸு கீது அமுலு. திரும்பி வர்றதுக்குத்தான் அவரு வண்டி வேணும். ஒழுங்கா வையி."

சொல்லிவிட்டு பானெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ போன பிறகு அவள் அழுது இன்றுதான் பார்த்தேன். கிரீஸ் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாவதைச் சரியாக வைத்தேன், ஒருமுறைக்கு இருமுறை தகட்டை இழுத்துப் பார்த்தேன்.

சாவியைத் திருப்பியதும் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது உன் வண்டி. அண்ணி காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"நாளைக்குக் காலைல கெளம்பலாம்" என்றாள். கெளம்பறேன் என்று சொல்லவில்லை, என்னையும் சேர்த்துக்கொண்டாள், கவனித்தாயா? எனக்கு அது போதும்.

பயம் போகவில்லை. அந்தக் கரையில் அவள் எவ்வளவு நேரம் நிற்பாளோ, தண்ணீரில் கால் வைப்பாளோ, தெரியாது. எவ்வளவு நேரமானாலும் அவள் கையைப் பிடித்தபடி நிற்பேன். உன் வண்டியிலேயே உன் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்து சேர்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
அமுலு