கூடுதலாக ஒரு பொட்டலம்

அப்பாசியா, குவைத்
8.4.2025

அன்புள்ள நளினி,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, மெயிலில் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். இங்கே நலம். முட்டி ஆபரேஷன் முடிந்து அத்தை நடக்கிறார்களா?

பெருநாள் லீவுக்கு இத்தாலி போய் வந்துவிட்டோம். கடைசி நேரத்தில் நீ வரவில்லை என்றதும் நானும் நின்றிருக்கலாம். நம் நண்பர்கள் எல்லாரும் இழுத்தார்கள், போனேன். ஒரு நாள் முழுக்கக் கடலோர மலைப்பாதையில் நடை. ஒரு பக்கம் எலுமிச்சைத் தோட்டம், கீழே அப்படியொரு நீலம். கார்மேகம் பத்தடிக்கு ஒரு செல்ஃபி எடுத்தான். சாதிக் பாட்ஷா "யல்லா, யல்லா" என்று விரட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது.

சாதிக்கின் மனைவி ஹிஃப்ஸா காலையிலேயே புளிசாதம் கட்டியிருந்தார். பழக்கதோஷத்தில் உனக்கும் ஒரு பொட்டலம். அதை நான்தான் பையில் சுமந்தேன்.

தீபாவளி முடிந்து போனவள் நீ. மே முதல் வாரத்தோடு ஆறு மாதம். அதற்குள் இங்கே வந்து இறங்காவிட்டால் உன் விசா போய்விடும். வழக்கம்போல மூன்று நாளுக்காவது வந்து போ.

அன்புடன்,
ரகுநாதன்

கோயம்புத்தூர்
15.4.2025

என்னங்க,

நலம்தான். அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறாள். இத்தாலிக்காக ஆபரேஷன் தேதியை மாற்றித் தருகிறேன் என்றுதான் டாக்டர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

நம் பெண் தாரிணியின் படிப்புக்காக அவளோடு ஊருக்கு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே வருகிறேன். வந்ததும் அடுப்படி. டப்பா டப்பாவாகக் குழம்பு வைத்து ஃப்ரீசரை நிரப்பிவிட்டுக் கிளம்புகிறேன். போன தடவை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு என்ன சொன்னீர்கள்? "அப்பாடா, இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையில்லை." விசாவுக்கா, குழம்புக்கா என்று ஃப்ளைட்டில் யோசித்துக்கொண்டே வந்தேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

விசாவுக்காக வா என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எதற்காவது நான் வரணுமென்றால் அதை எழுதுங்கள், டிக்கெட் போடுகிறேன்.

அந்தப் பொட்டலத்தை என்ன செய்தீர்கள்?

நளினி

அப்பாசியா
8.5.2025

நளினி,

அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். "வா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எதை எழுதினாலும் விசாவுக்காகத்தான் கெஞ்சுகிறேன் என்று நினைப்பாய். விசா நாள் தாண்டிப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம்தான், திட்டு.

இன்று ஆபீஸில் விசா வேலை பார்ப்பவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு "கலாஸ், விசா முடிந்தது" என்றார். இனி நீ இங்கே வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பொட்டலத்தை அடுத்த ஊர் போனதும் படிக்கட்டில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். பசியில்லை. தூக்கிப்போட மனசு வரவில்லை. உன் வத்தக்குழம்பும் ஒரு டப்பா ஃப்ரீசரில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வீட்டில் உன்னுடையது என்று எதுவும் இருக்காது.

லீவு கேட்டிருக்கிறேன். நான் அங்கே வரட்டுமா? உன்னைப் பார்க்கத்தான், வேறு எதற்கும் இல்லை.

ரகு

கோயம்புத்தூர்
11.5.2025

என்னங்க,

வாங்க.

மூன்று நாளுக்கென்றால் வேண்டாம்.

நளினி