குழியை மூடிவிட்டுப் போனவருக்கு

வரிசை இல்லாமல் எழுத எனக்குத் தைரியம் வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் தெருப் பள்ளம்.
2. படப்பைக்கு அப்பால் நீங்கள் கிழங்கு இருக்கும் இடத்தைக் காட்டிய காலை.
3. காட்டினால் உங்கள் ஜனங்களுக்கு மிஞ்சாது என்று நான் சொன்னது. அது சரியென்றே நினைக்கிறேன்.

சிட்லபாக்கத்தில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பால் வாங்கப் போனபோது ஈர மண் வாசனை வந்தது. பின்னால் யாரோ காலால் மண்ணை அழுத்துவது போல இருந்தது. நான் திரும்பவில்லை. நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நான், இலைகளின் பெயர் கேட்க உங்கள் இருளர் குடியிருப்புக்கு வந்து, அப்படியே சிநேகமானவன். போன தை மாதம் வண்டலூர்ப் பக்கத்து இருளர்கள் உங்களைத் தேடி வந்தபோதும் அங்கேதான் இருந்தேன். அவர்கள் கிழங்கு எடுக்கும் புதர்க்காட்டைச் சுற்றி யாரோ மதில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் அந்தக் கிழங்குதான் அவர்களுக்குச் சோறு. நீங்கள் கடப்பாரையை எடுத்தீர்கள்.

"எல்லாருக்கும் காட்டினா உங்களுக்கே மிஞ்சாதும்மா" என்றேன், மெதுவாக.

"சார் ரேசன் கடைக்காரரு மாரி பேசுறாரு. ஸ்டாக் இல்லன்னு போர்டு மாட்டிடலாமா?" என்றீர்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

புதருக்குள் போய், காட்டு வள்ளிக் கிழங்கைத் தோண்டி எடுத்து, கொடி முளைக்கும் தலையை மட்டும் ஒடித்துக் குழியிலேயே வைத்து, மண் தள்ளி, குதிகாலால் அழுத்தினீர்கள். வந்தவர்களில் ஒரு பெண் குழியை மூடாமல் நகர்ந்தாள்.

"ஏய், தொறந்து போட்டுட்டுப் போற? அடுத்த வருசம் இன்னாத்த துன்னுவ, மண்ணையா?"

"மூடுறேன்க்கா, கத்தாத."

கோடையில் ஒரு காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். மூன்றாவதை நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று மறுநாள் படப்பைக்குப் பேருந்தேறினேன். நீங்கள் காட்டிய இடம் சூறையாடப்பட்டுக் கிடக்கும் என்று பயந்துகொண்டேதான் போனேன். புதருக்குள் ஒரு குனிந்த முதுகு அசைந்தது. ஒரு கணம் அது நீங்கள்தான்.

நிமிர்ந்தது அந்த வண்டலூர்ப் பெண்.

"தோண்டுறியாம்மா?"

"இல்ல சார், நட்டுகினு கீறேன். மதிலு மூடுறதுக்குள்ள எங்க காட்டு வள்ளித் தலைங்கள எடுத்தாந்துட்டோம். கோட முச்சூடும் வூட்டாண்ட பொதைச்சி வச்சிருந்தோம். இது வேற ஜாதி, சுருக்கா வெந்துடும். அக்கா எங்களுக்குக் காட்டுச்சி இல்ல? அது ஜனமும் துன்னட்டும்."

ஒரு தலையை என்னிடம் நீட்டினாள். செருப்பைக் கழற்றினேன். குழியில் வைத்து, மண் தள்ளி, அழுத்தினேன். போதாது என்று அவளே இன்னொரு முறை அழுத்தினாள். அந்த மண்ணின் குளிர் இன்னும் என் காலில் இருக்கிறது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.