அண்ணன் பேரில் ஒரு சட்டம்

கடலுக்கு அப்பால் கண்மூடிய என் மாதையண்ணனுக்கு,

நீ போய்விட்ட சேதி போன வாரம்தான் கடத்தூர் தபாலாபீசுக்கு வந்தது. நீ சமையல் செய்த ஓட்டல்காரர் உன் சாமான்களை ஒரு சின்னப் பெட்டியில் அனுப்பியிருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே பொறாமையும் பட்டேன். செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா, அண்ணா?

எனக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு. கப்பலில் சமையல்காரனாகப் போன நீ, அமெரிக்காவில் இறங்கியவன் திரும்பக் கப்பலேறவே இல்லை. இங்கே ஏர் பிடித்தவன் நான். அம்மாவுக்குக் களி கிண்டிப் போட்டவள் என் பெண்டாட்டி. ஆனால் அம்மா வாயைத் திறந்தால் உன் பேச்சுதான்.

அனுமதியில்லாமல் தங்கியதற்காகப் பிடித்துவிட்டார்கள், ஊருக்கே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நீ எழுதினாய். படித்துச் சொன்னேன். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“அவுங்களே கப்பலேத்தி அனுப்பறாங்களா? எம்புள்ள வூட்டுக்கு வரான்டா” என்றாள்.

மறுநாளே முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். நானும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு கடலைக்காய் மூட்டைகள் அடுக்கிய பின்னறைக்குப் போனோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். “கெணத்து மேட்டு நெலத்த அண்ணனுக்கு வுட்டுடு, நீ கீழ்க்காட்டப் பாத்துக்க” என்றபோதுதான் வயிறு எரிந்தது. அந்த மேட்டில் கல் பொறுக்கியவன் நானல்லவா?

அந்தச் சமயத்தில்தான் உன் வக்கீலின் கடிதம் வந்தது. உன்னை அனுப்பக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்களாம். அவர்களுடைய சட்டசபை உறுப்பினர் உன் ஒருவனுக்காகவே ஒரு மசோதா கொண்டுவந்திருந்தாராம். இங்கே உனக்கு வீடு, நிலம், காத்திருக்கும் ஆள் யாராவது உண்டா என்று வக்கீல் கேட்டிருந்தார். எதுவும் இல்லையென்றால் உன்னை அங்கேயே விட்டுவிடுவார்களாம். புதிதாக வந்திருந்த போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொல்லிவிட்டு, “ஒருத்தருக்குன்னு ஒரு சட்டமாங்க? உங்கண்ணன் குடுத்து வெச்சவருங்க” என்றார். பட்டாவில் என் பேர் ஏற ஒரு வருஷம் கர்ணத்தின் பின்னால் நடந்தவன் நான். உனக்கு ஒரு சபையே உட்கார்ந்து பேசுகிறது.

போஸ்ட்மாஸ்டருக்கு நம் குடும்பம் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் எழுதினார். நிலம் கைவிட்டுப் போயிற்று. வீடு இடிந்துவிட்டது. அம்மா இறந்துவிட்டாள்.

நான் வீடு திரும்பியபோது, உனக்கென்று விட்டிருந்த சேவலுக்கு அம்மா கம்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

மசோதா நிறைவேறியது. தம்பி உள்ளதை மறைக்காமல் எழுதியதால் பிழைத்தேன் என்று நீ எனக்கு நன்றி எழுதினாய். அம்மாவிடம் நான் சொன்னதெல்லாம், உன்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான். சேவலுக்கு இன்னொரு பிடி கம்பு அள்ளிப் போட்டாள். பிறகு, “எம்புள்ளய அனுப்ப அவுங்களுக்கே மனசு வரல பாரு” என்றாள். அதிலும் நீதான் ஜெயித்தாய்.

அதன்பின் உன் கடிதங்களில் அம்மாவைப் பற்றி இருந்தது ஒரே சேதிதான்: அமாவாசைதோறும் அவளுக்குச் சோறு வைக்கிறேன் என்பது. அவளோ படிக்கச் சொல்லி எதிரில் உட்காருவாள். அம்மா சாப்பிடுகிறாளா, முழங்கால் வலி எப்படி என்று கேட்டிருக்கிறாய் என நானே இட்டுக்கட்டி வாசிப்பேன். யுத்தத்தின் நடுவில் அவள் போனபோதும் முன்னறை வெள்ளையாகவே இருந்தது. நீ எப்போதோ அழுது முடித்த சாவை நான் தனியாக அழுதேன். உனக்கு எழுதவும் வழியில்லையே.

இந்த வருஷம் கிணற்று மேட்டில் ராகி நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது. நமக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. கடத்தூர்ச் சந்தையில் கொடி ஏற்றினார்கள். நீ இருந்திருந்தால் பார்க்க வந்திருப்பாயா?

உன் பெட்டியில் இரண்டு காகிதங்கள் ஒன்றாக மடித்து இருந்தன. ஒன்று உன் பேர் அச்சடித்த சட்டம். இப்போதிருக்கும் போஸ்ட்மாஸ்டர் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். மற்றது நான் அனுப்பிய கடிதத்தின் நகல். அதன் பின்பக்கம் உன் கோணல் எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாய்: “தம்பி எழுதியது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஊருக்கே போயிருப்பேன்.”

வருகிற ஆடி அமாவாசைக்கு முன்னறையில் உனக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போடுகிறேன். பங்காளிகள் எல்லாரையும் கூப்பிட்டு, படைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நானே வாய்விட்டு வாசிக்கிறேன். பிறகு என் வீட்டில் அவர்கள் கை நனைத்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி. அம்மா இந்நேரம் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் வரும்போது எனக்கும் ஒரு இலை போடச் சொல்வாயா?

இன்னும் பின்னறையிலேயே படுத்திருக்கும் உன் தம்பி,
சென்னப்பன்