ஏழாவது ஸ்டாப்பில் ரெண்டு நிமிஷம்

அன்புப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சொகமா இருக்கோம், அம்மாவுக்குத் தோள்பட்டை வலி மட்டும் வர்றதும் போறதுமா இருக்கு, ஸ்டியரிங் பிடிக்கிறவளுக்கு அது கூடப்பொறந்ததாச்சே. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒடம்பைப் பாத்துக்கறேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். சமையக்கட்டுக் குழாய் ஒழுகினதை ஒருவழியா மாத்தியாச்சு. உன் சித்தப்பா கண் ஆபரேஷன் முடிஞ்சு வந்துட்டான், வந்த அன்னைக்கே எனக்கு நரை கூடிப்போச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னான். அது கெடக்கட்டும், உன்கிட்டச் சொல்லணும்னு ஒரு விஷயம் நெஞ்சுல நிக்குது. முப்பது வருஷமா டிப்போ வாசல்ல உக்காந்து எந்த பஸ் எப்பப் போச்சு எப்ப வந்துச்சுன்னு எழுதறவன் நான், போன மாசம் என் மேஜைக்கு ஒரு புகார் வந்துச்சு, யார் மேலன்னா உங்கம்மா மேல. காலையில முதல் பஸ் ஏழாவது ஸ்டாப்ல தெனமும் ரெண்டு நிமிஷம் சும்மா நிக்குது, அதனால எனக்கு ரெண்டு தடவை ரயில் தவறிப்போச்சுன்னு, ஒன்பதாவது ஸ்டாப்ல ஏறுற ஒரு கண்ணாடிக்காரர் எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டா அவ மறைக்கவே இல்ல. எதிர்ப்பக்கம் வேற பஸ்ல வந்து எறங்கற ஒரு பொம்பளை, பிஸ்கட் ஃபேக்டரியில பேக்கிங் வேலை, வலது கால்ல இரும்புப் பட்டை, ரோட்டைக் கடந்து வர ரெண்டு நிமிஷம் ஆகுது, என் பஸ்ஸை விட்டா அடுத்தது நாப்பது நிமிஷம் கழிச்சு, அதுக்குள்ள ஃபேக்டரி கேட்டைச் சாத்திடுவான், அதான் நிக்கறேன்னா.

நான் சும்மா இருப்பேனா? நீ பார்க்குல ஒரு பூவைப் பறிச்ச நாள்லேர்ந்து உன்கிட்டக் கேட்டுக் கேட்டே தேஞ்சுபோன அதே கேள்வியை எடுத்துவிட்டேன். எல்லா டிரைவரும் எல்லாருக்காகவும் இப்படி நின்னா என்ன ஆகும், ஒரு பஸ்ஸாவது போய்ச் சேருமான்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டே, எல்லாரும் என்னை மாதிரி விடிகாலையில பஸ் ஓட்டக் கெளம்பிட்டா ஏறுறதுக்கு ஆளே இருக்காது, அதுக்காக நான் பஸ் ஓட்டறது தப்பா போயிடுமான்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

ரெண்டு நாள் அதையே மென்னுக்கிட்டிருந்தேன். சரி, கேள்வியை நாமதான் ரொம்ப அகலமா கேட்டுட்டோம், கொஞ்சம் சுருக்கிப் பாப்போம்னு, கால் முடியாத ஒருத்தர் கண்ணுக்குத் தெரியற தூரத்துல வந்தா எந்த டிரைவரும் ரெண்டு நிமிஷம் நிக்கலாம்னு மாத்திப் பாத்தேன். உலகம் ஒண்ணும் கவுந்துடல, அம்மா பாஸ். மனசு லேசாச்சு. அந்தச் சமயம் பாத்தா நம்ம மீசைக்கார டிரைவர் வரணும்? மச்சான் டீக்கடை முன்னால பஸ்ஸை நிறுத்திட்டு அரட்டை அடிப்பானே, அவனேதான். ஏம்ப்பா, எல்லாரும் இப்படி நிறுத்தினா என்ன ஆகும்னு கேட்டேன். எல்லாருக்கும் சக்கரை வியாதி, வழியில மச்சான் டீக்கடை, இருபது வருஷ சர்வீஸ், மூணுமா இருக்கு சார்? இருக்கறவங்க தாராளமா நிறுத்தட்டுமேன்னான். கூட்டிக் கழிச்சுப் பாத்தா டிப்போவிலேயே அப்படி ஆள் அவன் ஒருத்தன்தான். அவனும் பாஸ்! அகலமா கேட்டா உங்கம்மா தப்பு, சுருக்கிக் கேட்டா அவனும் சரி. என் கேள்வியை நம்பி இத்தனை வருஷம் எப்படி ஓட்டினேன்னு எனக்கே வெக்கமா போச்சு.

சரி, நேர்லயே பாத்துடலாம்னு ஒரு நாள் முதல் பஸ்ல ஏறிக் கடைசி சீட்ல உக்காந்தேன். மூணாவது ஸ்டாப்ல கூட்டம் அம்முது, ஆனா அத்தனை பேரும் டிக்கெட் காசைச் சில்லறையா கையில பிடிச்சுக்கிட்டு மளமளன்னு ஏறினாங்க, ஒருத்தரும் பையைத் துழாவல. பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன். டிரைவர் அம்மாதான் எங்களைக் கேட்டுக்கிட்டாங்க, ஏழாவது ஸ்டாப்ல நான் நிக்கணும், அந்த நேரத்தை நீங்கதான் இங்க மிச்சம் பிடிச்சுத் தரணும்னாங்க, கண்ணாடிக்காரர்கிட்டயும் போய் உங்களைக் கேக்காம உங்க நேரத்தை எடுத்தது என் தப்புன்னு சொன்னாங்கன்னார். பாப்பா, நான் எங்கேயோ இருக்கற எல்லாரையும் நெனச்சு மண்டையை ஒடச்சுக்கிட்டிருந்தப்ப, அவ பஸ்ல இருந்த முப்பத்தோரு பேரையும் நேரா கேட்டு முடிச்சிருக்கா. ஏழாவது ஸ்டாப்ல இன்ஜினை நிறுத்தினா. அந்தப் பொம்பளை கை காட்டல, பஸ் பக்கம் பாக்கக்கூட இல்ல, தரையைப் பாத்தே நடந்து வந்தா. எனக்காக நிக்காதீங்க, உங்களுக்குத்தான் கெட்ட பேர் வரும்னு உங்கம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டாளாம். ஏறினதும் உங்கம்மா கண்ணாடியில ஒரு பார்வை பாத்துட்டு வண்டியை எடுத்தா, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு அரை நிமிஷம் லேட். கண்ணாடிக்காரர் முணுமுணுத்துக்கிட்டேதான் எறங்கினார், ஆனா ரயிலைப் பிடிச்சுட்டார்.

பாத்ததைப் பாத்தபடி ரிப்போர்ட் எழுதினேன், டிரைவர் என் சம்சாரம்னும் எழுதினேன். மேனேஜர் எச்சரிக்கை மெமோ குடுத்தார், அவரையும் குத்தம் சொல்ல முடியாது. உங்கம்மா மெமோவில கையெழுத்துப் போட்டுட்டு, நல்லா எழுதியிருக்கீங்க, ஒரு பொய் இல்லன்னு என்னைப் பாராட்டினா. மறுநாளும் நின்னா. இவளோட இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், இப்பத்தான் இவளை முழுசா பாக்கற மாதிரி இருக்கு.

நான் இப்படிச் சொன்னதைக் கேட்டுட்டு, நேத்து பீரோவைத் திறந்து நீ அவளுக்கு எழுதின கடிதத்தை என்கிட்ட நீட்டினா. ரூம்ல கூட இருக்கற பொண்ணுக்கு முதுகுல ஆபரேஷன், பாத்துக்க வேற ஆள் இல்ல, அதனால வேற ஊருக்குக் கெடச்ச பெரிய வேலையை வேணாம்னுட்டேன்னு எழுதியிருக்க. எழுதி மூணு மாசம் ஆச்சு. அப்பாகிட்டச் சொல்லாதே, எல்லாரும் இப்படி வேலையை உதறினா என்ன ஆகும்னு ஆரம்பிச்சிடுவார்னும் எழுதியிருக்க. அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். உண்மைதான், போன மாசம் வரைக்கும் அப்படித்தான் கேட்டிருப்பேன். வரிசையில குறுக்க பூந்து வர்றவனைப் பிடிக்க அந்தக் கேள்வி போதும், மீசைக்காரனை இன்னும் விடறதா இல்ல. ஆனா ஒருத்திக்காகத் தன்னோடதை விட்டுக் குடுக்கறவகிட்டக் கேக்கற கேள்வியில்ல அது. எல்லாரும் உன்னை மாதிரி செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். நீ செஞ்சதுல எனக்குப் பெருமை, அதை மட்டும் எழுதி வச்சுக்கோ.

அந்தப் பொண்ணு இப்ப தானா எழுந்து நடக்கறாளா? அவளைத் தூக்கி உக்கார வைக்கும்போது உன் முதுகையும் பாத்துக்கோ, முழங்காலை மடக்கித் தூக்கு. நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும், உன் கை தொட்டதெல்லாம் வெளங்கணும். மறக்காம பதில் போடு, அதை அம்மா பேருக்குப் போடாதே, என் பேருக்குப் போடு.

உன்னை நெனச்சுக்கிட்டே இருக்கும்,
அப்பா