மேரி வீட்டுப் பேரட் ஜோடி

புதன்கிழமை. கரண்ட் இப்போதுதான் வந்தது.

புதுவாயலில் டிபன் கடை நடத்தும் மேரிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பேரட் மீன் ஜோடி விற்றேன். இன்று காலையில் போன் செய்தாள். "அண்ணா, முட்டை போட்டுக்கீது! எத்தினி நாள்ல குஞ்சு வரும்?"

மதியம் வந்து பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். இந்தப் பேரட் மீன் இயற்கையில் கிடையாது. இரண்டு இன மீன்களைக் கலந்து, வளர்ப்பு மீன் விற்கும் எங்களைப் போன்றவர்கள் உண்டாக்கியது. வாய்கூட முழுசாக மூடாது. ஆணுக்குக் கரு உண்டாக்கும் சக்தியில்லை. தெரிந்தேதான் விற்றேன். ஜோடி என்று சொன்னால் சீக்கிரம் போகும்.

நேரில் சொல்லிவிடலாம் என்று மதியம் போனேன். தொட்டியைச் சுற்றிப் பழைய புடவையைக் கட்டியிருந்தாள். சத்தம் ஆகாது என்று இரண்டு நாளாக டிவியும் போடவில்லையாம். புடவையை மெல்ல விலக்கிக் காட்டினாள். பாதி முட்டை கெட்டு வெள்ளையாகிவிட்டிருந்தது. அவை இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. என் விரலைக் கண்டதும் ஆண் மீன் வந்து கண்ணாடியில் முட்டியது.

"பொரிக்காதும்மா. இந்த மீனுக்கு எப்பவுமே பொரிக்காது. விக்கும்போதே உன்னாண்ட சொல்லிருக்கணும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். புடவையை மறுபடி இழுத்து மூடினாள்.

"என்னாண்ட சொல்ட்ட. அதுங்களாண்ட யாருண்ணா சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் என் பேரட் தொட்டியில் 'ஜோடி' என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தேன். உள்ளே பெண் மீன், மூடாத அந்த வாயாலேயே அடியில் கிடக்கும் ஓட்டுத் துண்டைத் தேய்த்து முட்டையிட இடம் பண்ணிக்கொண்டிருக்கிறது. ஆண் பக்கத்திலேயே நிற்கிறது.